உடம்பு தேற வேண்டுமா? செட்டிநாட்டு அடுப்படியிலிருந்து தொடங்கலாம்

"காத்து பலமா அடிச்சா இவனைப் பிடிச்சுத் தூண்ல கட்டுங்கப்பா!" கல்யாண வீட்டு முகப்பில் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்ல, பந்தியே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். 168 செ.மீ. உயரத்துக்கு 48 கிலோ இருந்தவன் வேறு என்ன செய்ய?

இதில் என்னைவிட வருத்தப்பட்டது என் அப்பத்தா. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் கல்யாணங்களுக்குப் பலகாரம் சுட்டே குடும்பத்தை நிமிர்த்தியவர். "ஊருக்கெல்லாம் சுட்டுப் போட்ட கைக்கு வாய்ச்ச பேரனைப் பாரு, முருங்கைக் குச்சியாட்டம்" என்பார். அவர் கையால் சாப்பிட்டும் தேறாத உடம்பு, பின்னால் 14 மாதங்களில் 58 கிலோவுக்கு வந்தது. சாப்பாட்டை மாற்றவில்லை. சாப்பிடும் நேரத்தையும் அளவையும்தான் மாற்றினேன், கூடவே கொஞ்சம் பளு தூக்கினேன். என்ன வரிசையில் செய்தேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில் எடை போடுங்கள்

கண்ணாடியையும் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் நம்ப வேண்டாம். உங்கள் எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். என் கணக்கு: 48-ஐ 1.68-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.68-ஆல் வகுத்தால் 17. இதுதான் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 23-ஐத் தொட்டாலே கூடுதல் என்று கணக்கு. ஆக 18.5-க்கும் 23-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி.

19 வந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை. சில உடம்பு ஒல்லி வாகு. அப்பா, பாட்டன் என்று வழிவழியாக வருவது. நன்றாகப் பசிக்கிறது, வேலை செய்ய முடிகிறது, அடிக்கடி காய்ச்சல் வருவதில்லை என்றால், பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை கொஞ்சம் ஒடிசலா இருக்காரே" என்று சொன்னதற்காக எல்லாம் உடம்பை வருத்த வேண்டாம்.

2. ஏன் ஒல்லி என்று மருத்துவரிடம் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். சின்ன வயதிலிருந்தே ஒல்லியாக இருப்பது வேறு, நன்றாக இருந்த உடம்பு திடீரென்று இளைப்பது வேறு. முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோக்காரர் இரண்டரைக் கிலோ இளைத்தால், கும்மாயம் (உளுந்து மாவும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த எங்கள் பக்கத்து இனிப்பு) கிண்டிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரை நோய், தைராய்டு கூடுதலாகச் சுரப்பது, காசநோய், குடல் புழு, மனச்சோர்வு எல்லாமே ஆளை இளைக்க வைக்கும். நன்றாகப் பசித்துச் சாப்பிட்டும் இளைக்கிறதா, தாகமும் அடிக்கடி சிறுநீரும் போகிறதா, சர்க்கரையைப் பாருங்கள். படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை என்றால் சளிப் பரிசோதனை. காசநோய்க்குப் பரிசோதனை, மருந்து இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சை எடுப்பவர்களின் சத்துணவுக்கென்று மத்திய அரசு கொடுக்கும் தொகையும் 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகக் கூடியிருக்கிறது. பெண்கள் ஹீமோகுளோபின் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரத்தச்சோகை இருந்தால் பசியும் மந்தமாகத்தான் இருக்கும்.

சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்குக் கீழே சொல்லும் அளவுகள் பொருந்தாது. நோயிலோ பட்டினியிலோ பல நாள் கிடந்து எழுந்தவர்கள் முதல் நாளே வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புகளின் அளவு தடாலென்று மாறி இதயத்தைப் பாதிக்கும். அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு.

3. மூன்று நாள் எழுதி வையுங்கள்

"நான் நல்லாத்தான் சாப்பிடுறேன், உடம்புல ஒட்ட மாட்டேங்குது." ஒல்லியாக இருக்கும் எல்லோரும் சொல்வது இது. நானும் சொன்னேன். பிறகு ஒரு நோட்டில் மூன்று நாள், வாயில் போட்டது ஒன்று விடாமல் எழுதினேன்.

காலை மூன்று இட்லி. 11 மணிக்கு டீ. மதியம் இரண்டரைக்கு ஒரு பிடி பிடித்த சாப்பாடு. ஐந்து மணிக்கு டீயும் பஜ்ஜியும். ராத்திரி பத்துக்கு இரண்டு தோசை. நடுவில் யாராவது கூப்பிட்டால் இன்னொரு டீ. மதியச் சாப்பாடு பெரிதாக இருந்ததால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருப்பதாக ஒரு நினைப்பு. கூட்டிப் பார்த்தால் 1,700 கலோரியைத் தாண்டவில்லை. என் வயதுக்கும் வேலைக்கும் அது பத்தாது.

கல்யாணச் சாப்பாட்டிலும் இதே மயக்கம் உண்டு. நான்கு நாள் பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு கிலோ ஏறிவிட்டதாகத் தராசு காட்டும். அதில் பெரும்பகுதி உப்பு பிடித்து வைத்த நீரும் வயிற்றில் இருக்கும் சாப்பாடும்தான். வீட்டுக்கு வந்த மறுவாரமே இறங்கிவிடும்.

4. கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்

அப்பத்தாவின் காலத்துச் செட்டிநாட்டு வீட்டில் மூன்று வேளையோடு விஷயம் முடிவதில்லை. மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே இடைப்பலகாரம் என்று ஒன்று உண்டு. எடை ஏற நினைப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. வயிறு சின்னதாக இருப்பவர் ஒரே வேளையில் இரண்டு மடங்கு சாப்பிட முடியாது. ஐந்து முறை உட்கார முடியும்.

நான் வைத்துக்கொண்ட நேரம்: காலை 8, 11, மதியம் 1.30, மாலை 5, இரவு 8.30. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். பசித்தால்தான் சாப்பிடுவேன் என்று காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் பசி வராது; மணி அடித்ததும் உட்காருங்கள், பசி பின்னாலேயே வந்துவிடும்.

பசியைக் கெடுப்பவை மூன்று. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் குடிக்கும் டீ, காபி. சோற்றுக்கு முன்னால் மடக்மடக்கென்று குடிக்கும் செம்புத் தண்ணீர். பீடி, சிகரெட், புகையிலை. டீயை நான் விடவில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்று தள்ளி வைத்தேன். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தும் சரியாகச் சேராது.

5. தட்டில் என்ன கூட்டுவது

இப்போது சாப்பிடுவதைவிடத் தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதல். அவ்வளவுதான் தேவை. உடம்பில் ஒரு கிலோ கூட ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தினம் 500 மிச்சமானால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வாரம் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை ஏறினால் போதும். அதைவிட வேகமாக ஏறினால் ஏறுவது தொப்பைதான்.

500 கலோரிக்குப் பெரிய விருந்து எதுவும் வேண்டாம். ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை (30 கிராம்) 170. ஒரு டம்ளர் கெட்டிப் பால் 170. ஒரு வாழைப்பழம் 90. மதியம் பருப்புச் சோற்றில் கூடுதலாக ஒரு தேக்கரண்டி நெய் 45. கூட்டினால் 475. இது ஒன்றைச் செய்தாலே பலருக்கு முதல் இரண்டு கிலோ ஏறிவிடும்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதில் முதல் பாதி அப்படியே உண்மை. எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். 100 கிராம் எள்ளில் 570 கலோரிக்குக் குறையாது. எள்ளுப்பொடிக்குச் செக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி இட்லிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. வயிறு நிரம்பாமல் கலோரி மட்டும் ஏறும். இரண்டாம் பாதியைத்தான் நான் ஏற்கமாட்டேன். கொள்ளில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல். ஒல்லியாக இருப்பவர் கொள்ளு ரசத்தையும் சுண்டலையும் ஒதுக்கக் காரணமே இல்லை.

புரதத்தில் கவனம் வேண்டும். பளு தூக்குகிறவருக்குத் தன் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை. 50 கிலோக்காரருக்கு 60 முதல் 80 கிராம். இரண்டு முட்டையில் 12, இரண்டு டம்ளர் பாலில் 12, கைப்பிடிக் கடலையில் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, பருப்பும் குழம்பும் சேர்ந்து 8, சோறு, இட்லி வகையில் 15. மொத்தம் 68 வந்துவிட்டது. முட்டை சாப்பிடாதவர்கள் கெட்டித் தயிரும் பயறும் மீல்மேக்கரும் சேர்த்துக்கொள்ளலாம். அரிசியில் குறைகிற அமினோ அமிலம் (புரதம் இவற்றால் ஆனதுதான்) பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைகிறது அரிசியில் இருக்கிறது. இட்லியும் வெள்ளைப் பணியாரமும் இந்தக் கூட்டணிதான். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றும் ஜிம் பழக்கம் வேண்டாம். கிருமி பயம் ஒரு பக்கம் இருக்க, வெந்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

கறி, கோழி சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. வெளியூர் ஓட்டல்களில் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிப் போடுவது நாக்கை எரிக்கிற குழம்பு. நம் வீட்டுச் சமையலில் மிளகும் சோம்பும் மணக்கும், கண்ணில் தண்ணீர் வராது. காரம் அதிகமானால் நெஞ்செரிச்சல் வந்து அடுத்த வேளை சாப்பாடு குறையும். உப்புக்கறி என்கிற ஆட்டுக்கறி வறுவலில் வரமிளகாயைப் பாதியாகக் குறையுங்கள்; இடியாப்பத்துக்கு வெள்ளைக் குருமா, தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றியது, இதைவிடச் சாதுவாக எடை ஏற்றும் ராத்திரிச் சாப்பாட்டை நான் பார்த்ததில்லை.

இனி, கும்மாயம். ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் கிண்டுவது. எனக்காக அப்பத்தா வாரம் இரண்டு நாள் என்று மாற்றினார். ஒரு டம்ளர் உளுந்து, கால் டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி. தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து, மாவாக்கிச் சலித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் தட்டிய கருப்பட்டியும் வெல்லமும் கலந்து (பழைய அளவு இதைவிடக் கூடுதல், நான் குறைத்துவிட்டேன்), மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். வாணலியில் நெய் விட்டு மாவைச் சிறு தீயில் சிவக்காமல் வறுத்து, இறக்கி, பாகுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். கை ஓயாமல் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல், ஓரத்தில் நெய் கசிந்து வரும்போது இறக்கலாம். "கை வலிக்குதுன்னு பாதியில விட்டா அது களி இல்லப்பு, பசை" என்பார் அப்பத்தா. சின்னக் கிண்ணத்துக்கு 200 கலோரி வரும். மாலை ஐந்து மணிக்கு இது.

கந்தரப்பம், அதிரசம், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் டின்னில் இருந்தால் கை போகும். எண்ணெயும் சர்க்கரையும் எடை ஏற்றும்தான். ஆனால் நாலு சீடை கொறித்துவிட்டு ஒரு வேளைச் சோற்றை விட்டுவிடுவோம், புரதம் போச்சு. நான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினேன். கவுனி அரிசியும் அப்படியே: பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் நம் பக்கம் வந்த அரிசி, எனக்கு உயிர். நார்ச்சத்து அதிகம், கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்துவிடும்; எடை ஏற்றும் நாட்களில் அளவோடு.

6. தூக்குங்கள்

சாப்பாட்டை மட்டும் கூட்டினால் கைகால் அப்படியே இருக்க வயிறு மட்டும் முன்னால் வரும். கூடுதல் சாப்பாடு தசைக்குப் போக வேண்டும் என்றால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். ஓடுவது இதற்கு உதவாது. குன்றக்குடி மலைப் படியை வாரம் ஒருமுறை ஏறுங்கள், காலுக்கும் மூச்சுக்கும் நல்லது. அதோடு நிறுத்திக்கொண்டால் எடை ஏறாது.

ஜிம் இல்லாமலே முதல் மூன்று மாதம் ஓட்டலாம். வாரம் மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள். தசை வளர்வது ஓய்வு நாளில்தான்.

தண்டால்: தரையில் எடுக்க முடியாதவர்கள் திண்ணையில் கை ஊன்றி எடுங்கள். நம் வீட்டுத் திண்ணை உயரம் இதற்கென்றே கட்டியது போல இருக்கும். உடம்பு தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். திண்ணையில் 12 சுலபமாக வந்ததும் வாசல் படிக்கு இறங்குங்கள், பிறகு தரைக்கு. நான் தரைக்கு வர ஏழு வாரம் ஆனது.

பஸ்கி: நாற்காலியில் உட்காரப் போவது போல இடுப்பைப் பின்னால் தள்ளி இறங்கி எழுவது. நிலை தடுமாறினால் வளவுத் தூணை, அதாவது உள்முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொள்ளலாம். பழகியதும் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வாளி: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பத்து லிட்டர் வாளி நிறைய இருந்தால் பத்துக் கிலோ, பாதி ஐந்து. இதைவிட மலிவான டம்பெல் கிடையாது. ஒரு கையைத் திண்ணையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் குனிந்து, மறு கையால் வாளியை இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். பிறகு இரண்டு கையிலும் வாளியோடு கேணியடியிலிருந்து முகப்பு வரை நடை. எங்கள் வீட்டில் இதைப் பார்த்த அம்மாவுக்குச் செடிகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. கடைசி இரண்டு தடவை திணற வேண்டும். திணறவில்லை என்றால் தண்ணீரைக் கூட்டுங்கள். மூட்டிலோ முதுகிலோ சுரீரென்று வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. முடித்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடித்து, ஒரு மணி நேரத்துக்குள் காலைச் சாப்பாடு. 40 வயதைத் தாண்டியவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தினம் ஏழெட்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

7. மாத்திரைப் பக்கம் போகாதீர்கள்

என் அத்தை மகன் ஒருவன், 'ஒரே மாசத்துல உடம்பு வரும்' என்று ஒரு கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததை வாங்கித் தின்றான். மூன்றே வாரத்தில் முகம் பணியாரம் மாதிரி உப்பியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மருத்துவரிடம் காட்டியபோதுதான் அது டெக்ஸாமெத்தசோன் என்று தெரிந்தது. ஸ்டீராய்டு. அது சதை பிடித்ததால் வந்த உப்பல் இல்லை. சர்க்கரையைக் கூட்டும், எலும்பை அரிக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். நாள்பட்டுத் தின்றுகொண்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பசிக்கு என்று கொடுக்கும் சைப்ரோஹெப்டடின் அடிப்படையில் ஒவ்வாமை மருந்து. தூக்கமாக வரும், நிறுத்தினால் பசியும் பழையபடி போய்விடும்.

புரதப் பவுடரைப் பற்றி ஜிம் பையன்கள் கேட்பார்கள். வே புரதம் பாலிலிருந்து எடுப்பதுதான், விஷமில்லை. மேலே சொன்ன 68 கிராம் கணக்கு தட்டிலேயே வந்துவிட்டால் அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கலாம் என்பது என் கட்சி.

8. தராசும் நோட்டும்

வாரம் ஒரே நாள், காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடுமுன், ஒரே தராசில் எடை போட்டு எழுதுங்கள். தினமும் ஏறி நின்றால் நீர் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனம்தான் இளைக்கும். கூடவே மாதம் ஒருமுறை டெய்லர் டேப்பால் இடுப்பையும் புஜத்தையும் அளக்கவும். இடுப்பு மட்டும் கூடுகிறது, புஜம் அசையவில்லை என்றால் நெய்யைக் குறைத்து வாளியைக் கூட்டுங்கள்.

மூன்று வாரம் தராசு நகரவில்லை என்றால், சாப்பிட்டது பத்தவில்லை என்று பொருள். காலையில் இரண்டு இட்லியும் மாலையில் அரைக் கிண்ணம் சுண்டலும் கூட்டி மறுபடி மூன்று வாரம் பாருங்கள். எனக்கு நான்காவது மாதமும் ஒன்பதாவது மாதமும் இப்படி நின்றன. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து ஒன்றரைக் கிலோவைக் கொண்டுபோனது. கூடுதலாக இவ்வளவு சாப்பிட்டும் இரண்டு மாதம் அசையவே இல்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் மருத்துவரைப் பாருங்கள்.

நினைத்த எடை வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதலில் படுக்கும் முன் குடிக்கும் பாலை நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள். எடை இன்னும் ஏறினால் அடுத்தது நெய். பதினோரு மணிக் கடலையும் வாளியும் இருக்கட்டும். கும்மாயம் மட்டும் எங்கள் வீட்டில் பழையபடி ஆடி மாதத்துக்குப் போய்விட்டது.